உயிர்மருத்துவப் பொறியியல்: எந்தக் கிளையில் என்ன வேலை, எப்படித் தேர்ந்தெடுப்பது

உயிர்மருத்துவப் பொறியியல் என்பது ஒரே பெயரில் ஓடும் பல தொழில்கள். ஒருவர் காலை முழுக்க, ரத்தநாளத்தில் மருந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்பிலிருந்து எத்தனை மில்லிலிட்டர் வருகிறது என்று அளந்துகொண்டிருப்பார். இன்னொருவர் டைட்டானியம் தண்டை இயந்திரத்தில் மாட்டி லட்சக்கணக்கான முறை வளைத்துப் பார்ப்பார். மூன்றாமவர் செல்கள் வளரும் சத்துத் திரவத்தை, அதாவது ஊடகத்தை, மாற்றிக்கொண்டிருப்பார். நான்காமவர் 'இந்த பட்டனைத் தவறி அழுத்தினால் என்ன ஆகும்' என்று அட்டவணை எழுதிக்கொண்டிருப்பார். நால்வரும் வாங்கியது ஒரே பட்டம்.

பாடத்திட்டக் கையேடுகள் கிளைகளின் பெயர்களை வரிசையாகத் தரும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. கேட்க வேண்டிய கேள்வி இது: அந்தக் கிளையில் எது பழுதாகும், ஏன் பழுதாகும், அதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தினசரி வேலை என்பது பெரும்பாலும் அந்தப் பழுதைத் துரத்துவதுதான். எந்த வகைப் பழுது உங்களைத் தூங்கவிடாமல் யோசிக்க வைக்கிறதோ, உங்கள் கிளை அநேகமாக அதுதான்.

கூடவே இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்கள் அடிப்படை பலம் எதில் என்பது: மின்சுற்றா, இயந்திரவியலா, வேதியியலும் உயிரியலுமா, நிரலாக்கமா. இரண்டு, முடிவு தெரிய எவ்வளவு காலம் பொறுப்பீர்கள் என்பது. மருத்துவமனையில் சரிசெய்த கருவி அன்று மாலையே வார்டுக்குத் திரும்பிவிடும். புதிய கருவி சந்தைக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். ஆய்வகத்தில் வளர்த்த திசு நோயாளியைச் சென்றடைய ஒருவரின் பணிக்காலத்தில் பெரும்பகுதி போய்விடலாம்.

மருத்துவக் கருவியியல்

மின்சுற்றில் ஆர்வம் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கிளை இது. உடலிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது, அதைச் சுற்றியுள்ள இரைச்சல் மிகப் பெரியது. மொத்தச் சிக்கலும் இந்த ஒரு வரியில் அடங்கும். இதயத்தின் மின்அலையான ஈசிஜியின் உச்சம் ஏறத்தாழ 1 மில்லிவோல்ட். தலையில் அளக்கும் மூளை அலையான ஈஈஜி 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான். ஆனால் தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையே உருவாகும் நேர்மின்னழுத்தம் (டிசி) 300 மில்லிவோல்ட் வரை போகலாம் என்று வைத்துக்கொண்டுதான் வடிவமைக்க வேண்டும். அதாவது வேண்டாதது வேண்டியதைவிட 300 மடங்கு பெரியது.

இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஒரு ஈசிஜி ஆம்ப்ளிஃபையரைச் செய்து பாருங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட இரண்டு வாரத்தில் அதிகம் தெரிந்துவிடும்.

1. ஏடி620 அல்லது ஐஎன்ஏ128 போன்ற, இரு வயர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்கும் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபையர் ஐசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பேட்டரியிலிருந்து மட்டுமே. 9 வோல்ட் பேட்டரியை நடுவில் பிரித்து ±4.5 வோல்ட்டாகப் பயன்படுத்தலாம்.

2. முதல் நிலையில் பெருக்கத்தை 10-க்கு மேல் வைக்காதீர்கள். 300 மில்லிவோல்ட்டை 10 மடங்காக்கினால் 3 வோல்ட், சுற்று தாங்கும். எடுத்த எடுப்பிலேயே 1000 மடங்கு வைத்தால் வெளியீடு ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு அசையாது. முதன்முறை செய்பவர்களில் பலர் இங்கேதான் மாட்டிக்கொண்டு ஐசி கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள்.

3. அடுத்து, மெதுவான மாற்றங்களைத் தடுக்கும் ஹைபாஸ் ஃபில்டர். 1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டரும் 3.3 மெகாஓம் ரெசிஸ்டரும் சேர்ந்தால் வெட்டு அதிர்வெண் 0.05 ஹெர்ட்ஸ் அருகில் வரும். நேர்மின்னழுத்தம் இங்கே கழிந்துவிடும்.

4. அதன்பின் 100 மடங்கு பெருக்கம். இப்போது 1 மில்லிவோல்ட் 1 வோல்ட்டாகியிருக்கும். 10 கிலோஓம், 100 நானோஃபேரட் கொண்ட லோபாஸ் ஃபில்டர் சுமார் 160 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைக் குறைக்கும். விநாடிக்கு 500 மாதிரிகள் எடுத்தால் போதும்.

5. இரைச்சலைக் குறைக்க வலது காலில் ஒட்டும் மூன்றாவது எலக்ட்ரோடுக்குப் போகும் வயரில் 330 கிலோஓம் ரெசிஸ்டர் கட்டாயம். ஏதாவது பழுதாகி முழு 4.5 வோல்ட்டும் அங்கே வந்தாலும் உடலில் 14 மைக்ரோஆம்பியருக்கு மேல் பாயாது.

கணினியோடு இணைத்தால் அது சார்ஜரில் இல்லாத மடிக்கணினியாக இருக்கட்டும். மின்இணைப்பில் உள்ள ஆசிலோஸ்கோப்பை உடலோடு தொடர்புள்ள சுற்றில் நேரடியாக மாட்டக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்மேல் வீட்டில் செய்த சுற்று எதையும் சோதிக்கவே கூடாது.

அலை வந்த பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கும். திரையில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் தடிமனாகத் தெரியும். ஐசியின் கேட்டலாகில் பொதுமுறை நிராகரிப்பு, அதாவது இரு வயரிலும் ஒன்றுபோல் வருவதைத் தள்ளும் திறன், 100 டெசிபல் என்று போட்டிருக்கும். அந்தக் கணக்குப்படி உடலில் 1 வோல்ட் இரைச்சல் இருந்தாலும் உள்ளே 10 மைக்ரோவோல்ட்தான் வர வேண்டும். பிறகு ஏன் வருகிறது? இரண்டு எலக்ட்ரோடுகளில் ஒன்று காய்ந்திருக்கும். இரு பக்கத்துத் தடையும் சமமில்லாதபோது, இரு வயரிலும் பொதுவாக இருந்த இரைச்சல் வித்தியாசமாக மாறி உள்ளே நுழைந்துவிடும். எவ்வளவு நல்ல ஐசியும் அதைத் தடுக்காது. தோலை நன்றாகத் துடைத்து, புது எலக்ட்ரோடு ஒட்டி, வயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் பாதிக்கு மேல் போய்விடும். அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் கடைசி வழிதான். கூர்மையான இதயத்துடிப்பு அலைக்குப் பின்னால் அது தானாகவே சிற்றலைகளை உருவாக்கும்.

இன்னொரு பொறி: அலை மேலும் கீழும் மிதக்கிறதே என்று ஹைபாஸை 0.5 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் திரை அழகாகிவிடும். ஆனால் பெரிய துடிப்பு அலைக்கு அடுத்து வரும் எஸ்டி பகுதியின் வடிவம் சிதையும். மாரடைப்பைப் பார்க்க மருத்துவர் நம்பியிருப்பது அந்தப் பகுதியைத்தான். துடிப்பை எண்ண மட்டும் என்றால் 0.5 ஹெர்ட்ஸ் போதும், நோய் கண்டறிய 0.05 வேண்டும். அழகான அலைக்கும் உண்மையான அலைக்கும் உள்ள இந்த வித்தியாசம் உங்களைப் பிடித்து இழுத்தால், கருவியியல் உங்களுக்குச் சரிவரும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இதே கிளையின் குழந்தைதான். 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பும் ரத்தத்தில் எந்த விகிதத்தில் உறிஞ்சப்படுகின்றன என்று அளந்து, ஆக்சிஜன் செறிவைக் கணக்கிடுகிறது. இதன் அடிப்படையை 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி கண்டுபிடித்தார். கார்பன் மோனாக்சைடு நச்சு ஏறியவருக்கு அது நல்ல எண்ணையே காட்டும், ஏனென்றால் அந்த இரண்டு ஒளியை மட்டும் வைத்து ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடு ஏறியதையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. அடர்ந்த நிறத் தோலில் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும் போக்கும் உண்டு. ஒரு கருவியின் எண்ணை எப்போது நம்பக் கூடாது என்று சொல்லத் தெரிந்தவரே அதை வடிவமைக்கத் தகுந்தவர்.

மருத்துவமனைப் பொறியியல்

ஆங்கிலப் பெயரில் கிளினிக்கல் இன்ஜினியரிங். 'ரிப்பேர் வேலைதானே' என்று மாணவர்கள் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த எண்ணம் தவறு. நூற்றுக்கணக்கான வகைக் கருவிகளை உள்ளும் புறமும் பார்க்கும் வாய்ப்பு வேறு எந்தக் கிளையிலும் இல்லை. பின்னாளில் வடிவமைப்புக்குப் போனாலும் இரண்டு ஆண்டு இங்கே இருந்துவிட்டுப் போவது வீண்போகாது.

வேலை நான்கு பகுதிகளாக ஓடும். புதுக் கருவி வந்ததும் ஏற்புச் சோதனை. குறித்த இடைவெளியில் பராமரிப்பு. பழுது நீக்கம். இவற்றோடு, எதை வாங்குவது, எதை ஒதுக்குவது என்ற ஆலோசனை. கடைசியில் சொன்னதில்தான் மருத்துவமனையின் பணம் மிச்சமாவதும் வீணாவதும். கருவியின் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, அதற்கான ட்யூபும் சென்சாரும் அந்த ஒரு கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும் என்று பிறகு கண்டுபிடிப்பது அடிக்கடி நடப்பது.

சோதனைகளில் கையாள வேண்டிய எண்கள் சில. மருத்துவ மின்கருவிகளின் பாதுகாப்புக்கான ஐஇசி 60601-1 தரநிலைப்படி, உடலைத் தொடும் பிஎஃப் வகைக் கருவிகளில் நோயாளிவழிக் கசிவு மின்னோட்டம் இயல்பு நிலையில் 100 மைக்ரோஆம்பியரையும், ஒரு பழுது உள்ள நிலையில் 500 மைக்ரோஆம்பியரையும் தாண்டக் கூடாது. இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள சிஎஃப் வகைக்கு இவை 10-உம் 50-உம்தான். தோல் ஒரு தடுப்புச்சுவர். இதயத்துக்குள் கதீட்டர் போய்விட்டால் அந்தச் சுவர் இல்லை, எனவே மிகச் சிறிய மின்னோட்டமும் துடிப்பைக் குலைத்துவிடும்.

இன்ஃப்யூஷன் பம்பைச் சோதிப்பது எளிதாகத் தோன்றும். மணிக்கு 100 மில்லிலிட்டர் என்று வைத்து அரைமணி நேரம் ஓட விட்டு, வந்த தண்ணீரை எடை போடுங்கள். ஒரு கிராம் என்றால் ஒரு மில்லிலிட்டர். ±5 சதவீதம் அனுமதி என்றால் 47.5 முதல் 52.5 கிராமுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே பம்பைப் பிரிக்காதீர்கள், போட்டிருக்கும் ட்யூப் செட் எது என்று பாருங்கள். பம்ப் ட்யூபின் உள்விட்டத்தையும் நெகிழ்வையும் கணக்கில் வைத்துத்தான் அழுத்துகிறது. வேறு கம்பெனியின் செட் கச்சிதமாகப் பொருந்தினாலும் அளவு தவறும். அடைப்பு எச்சரிக்கையையும் சோதியுங்கள்: ட்யூபைக் கிள்ளிப் பிடித்து, எந்த அழுத்தத்தில், எத்தனை நேரத்தில் ஒலிக்கிறது என்று குறியுங்கள். மணிக்கு 1 மில்லிலிட்டர் போன்ற குறைந்த வேகத்தில் இந்த எச்சரிக்கை வர நெடுநேரம் ஆகும். பச்சிளம் குழந்தைகள் வார்டில் இது பெரிய விஷயம்.

இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டரை 50 ஓம் சுமை கொண்ட அனலைசரில் சுட்டுப் பார்ப்பார்கள். வைத்த ஜூலுக்கும் வந்த ஜூலுக்கும் வித்தியாசம் பொதுவாக 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சோதனையை பேட்டரியில் செய்யுங்கள். சுவர் மின்சாரத்தில் எல்லாம் சரியாக இருந்து, நோயாளியிடம் தூக்கிப் போன இடத்தில் சார்ஜ் ஏறாமல் நிற்பது பேட்டரியால்தான்.

'பழுது எதுவும் இல்லை' என்று திரும்பிப் போகும் கருவிகள்தான் இந்தத் துறையின் தலைவலி. மானிட்டர் கெட்டுவிட்டது என்று வரும். இங்கே நன்றாக ஓடும். திருப்பி அனுப்பினால் மறுநாள் மீண்டும் வரும். குறை பெரும்பாலும் கேபிளில், சென்சாரில், பேட்டரியில், அல்லது பயன்படுத்தும் விதத்தில் இருக்கும். எனவே கருவியை மட்டும் அனுப்பச் சொல்லாமல், அதோடு பயன்படுத்திய எல்லாவற்றையும் அப்படியே அனுப்பச் சொல்ல வேண்டும். முடிந்தால் வார்டுக்கே போய், நர்ஸ் அதை எப்படி மாட்டுகிறார் என்று குறுக்கிடாமல் பார்க்க வேண்டும். நோயாளிக்குத் தீங்கு நேர்ந்த சம்பவம் என்றால் விதி இன்னும் கடுமையானது: அமைப்புகளை மாற்றாதே, துடைக்காதே, பதிவுகளை அழியவிடாதே, பயன்படுத்திய ட்யூபைக்கூட எறியாதே. திரையை அப்படியே படமெடுத்துக்கொண்டு, கருவியைத் தனியே பூட்டி வை. நல்ல எண்ணத்தோடு ஒருவர் ரீசெட் செய்துவிட்டால் காரணம் என்றைக்குமே தெரியாமல் போகும்.

பொறுமையும் மனிதர்களோடு பேசும் பழக்கமும் இங்கே சாலிடரிங் திறமைக்குச் சமமான தகுதி.

படமெடுக்கும் தொழில்நுட்பம்

இயற்பியலும் கணிதமும் பிடித்தவர்களுக்கான கிளை. ராண்ட்ஜன் 1895-இல் எக்ஸ்ரேயைக் கண்டார். 1971-இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேனர் முதல் நோயாளியைப் படமெடுத்தது. சிடிக்கான கணிதத்தைத் தனியே வகுத்த கார்மாக்குடன் அவர் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எம்ஆர்ஐக்காக லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-இல் பெற்றார்கள்.

வேலை பெரும்பாலும் பேரம் பேசுவது. அல்ட்ராசவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண்ணைக் கூட்டினால் நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். மென்திசுவில் ஒலி ஒரு சென்டிமீட்டருக்கு, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, சுமார் 0.5 டெசிபல் தேயும். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்பினால் 10 சென்டிமீட்டர். 10 மெகாஹெர்ட்ஸில் 50 டெசிபல் போய்விடும், 3 மெகாஹெர்ட்ஸில் 15தான். கழுத்துக்கு ஒரு ப்ரோப், வயிற்றுக்கு வேறு ப்ரோப் என்று வைத்திருப்பதன் காரணம் இந்தக் கணக்கு. ஒலிவேகம் எல்லா இடத்திலும் விநாடிக்கு 1540 மீட்டர் என்று கருவி நம்புகிறது. கொழுப்பில் அது குறைவு, எனவே அதற்குப் பின்னால் இருப்பவை சற்றுத் தள்ளித் தெரியும்.

எம்ஆர்ஐயில் ஹைட்ரஜன் அணுக்கரு ஒரு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசையும். 1.5 டெஸ்லா என்றால் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ். அந்தக் காந்தம் திரவ ஹீலியத்தில், 4 கெல்வின் அளவில் குளிர்ந்து கிடக்கிறது. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் காந்தம் அணைந்திருப்பதில்லை. இதை மறந்து ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே தள்ளிக்கொண்டு போய் உயிர்கள் போயிருக்கின்றன.

இந்தக் கிளையில் நுழைய நேரியல் இயற்கணிதமும் ஃபூரியே உருமாற்றமும் கைவசம் இருக்க வேண்டும். பைத்தானில் ஒரு படத்தின் ஃபூரியே தரவில் பாதியை அழித்துவிட்டு மீட்டுப் பாருங்கள். எந்தப் பாதியை அழித்தால் என்ன கெடுகிறது என்பது சுவாரசியமாக இருந்தால் தொடரலாம்.

உயிர் இயந்திரவியலும் உயிர்ப்பொருட்களும்

இரண்டையும் தனித்தனியே எழுதுவது வழக்கம். வேலையில் அவை பிரிவதே இல்லை. மாற்று இடுப்பு மூட்டு இதற்குச் சரியான உதாரணம்.

நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழும். ஒருவர் ஆண்டுக்கு ஒரு காலில் பத்து லட்சம் அடிகளாவது வைப்பார். எனவே ஒருமுறை அழுத்தி உடைகிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. திரும்பத் திரும்ப விசை பட்டு வரும் உலோகக் களைப்பும் தேய்மானமும்தான் எதிரி. மூட்டுகளைத் தேய்மான இயந்திரத்தில் 50 லட்சம் சுழற்சிகள் ஓட்டுவது அதனால்தான். விநாடிக்கு ஒரு சுழற்சி என்றால் இரண்டு மாதத்துக்கு அருகில் ஆகும். நடுவில் மின்சாரம் போகும், திரவம் ஆவியாகும், பதிவு விட்டுப்போகும். இந்தத் துறையின் பொறுமை இப்படிப்பட்டது.

உடையாமல் இருந்தால் மட்டும் போதாது. கெட்டியான எலும்பின் விறைப்பு 15 முதல் 20 கிகாபாஸ்கல், டைட்டானியக் கலவை 110 அளவு, துருப்பிடிக்காத எஃகு 190-க்கு மேல். எலும்புக்குள் செருகும் தண்டு விறைப்பாக இருந்தால் பாரத்தைத் தானே சுமந்துகொள்ளும், பக்கத்து எலும்புக்கு வேலை இருக்காது. வேலையில்லாத எலும்பை உடல் கரைத்துவிடும், தண்டு ஆடத் தொடங்கும். வலிமையான பொருளைத் தேர்ந்தெடுத்ததே தவறாகிவிடும் இந்தச் சூழ்நிலை புதிதாக வரும் இயந்திரப் பொறியாளர்களை வியக்க வைக்கும்.

தேய்மானமும் அப்படித்தான். ஜான் சார்ன்லி 1962-இல் உலோகத் தலையும் பாலிஎதிலீன் குழியும் கொண்ட மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். இன்றைய மூட்டுகள் அந்த வழியில் வந்தவையே. குழி தேய்ந்து துளையாவதற்கு நெடுநாள் முன்பே, உதிரும் நுண்துகள்கள் சிக்கலைத் தொடங்கிவிடும். உடல் அவற்றை அந்நியமாகக் கண்டு எதிர்க்கும், அந்த எதிர்ப்பில் சுற்றியுள்ள எலும்பு கரையும். அந்தக் குழியை காமா கதிரில் கிருமிநீக்கம் செய்து காற்றோடு பொதிந்து வைத்தால் பாலிஎதிலீன் ஆக்சிஜனேற்றம் அடைந்து இன்னும் வேகமாகத் தேயும். இதெல்லாம் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. எனவே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அதை எப்படிக் கிருமிநீக்கம் செய்யப் போகிறீர்கள் என்பதையும் முதல் நாளே எழுதிவிட வேண்டும். நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவின் 121 டிகிரியில் பாலிலாக்டிக் அமிலம் என்னும் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

கணினிச் சிமுலேஷன் பற்றி ஓர் எச்சரிக்கை. வண்ணமயமான அழுத்தப் படம் யாராலும் எடுக்க முடியும். வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கீட்டு வலையை இரண்டு மடங்கு நுண்மையாக்கியபோது விடை மாறியதா, விசையை எங்கே, எந்தத் திசையில் வைத்தீர்கள், எலும்பின் பண்புகள் எங்கிருந்து வந்தன என்று நேர்காணலில் கேட்பார்கள். இம்மூன்றுக்கும் பதில் இல்லாத படத்தைக் காட்டாமல் இருப்பதே மேல்.

திசுப் பொறியியல்

செய்தித்தாள்களில் அதிகம் வருவது, நுழைபவர்களை அதிகம் ஏமாற்றுவது. பெரும்பாலான நாட்கள் 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் முன்னால் கழியும். விடுமுறை நாளிலும் செல்களுக்குப் பசிக்கும். ரத்தக்குழாய் இல்லாமல் ஆக்சிஜன் 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்கு மேல் ஊடுருவாது. மெல்லிய தோலும் குருத்தெலும்பும் முன்னேறியிருக்க, கல்லீரலும் இதயமும் தேங்கி நிற்க இதுவே முதல் காரணம்.

மைக்கோபிளாஸ்மா என்னும் மிகச் சிறிய பாக்டீரியாவின் தொற்றைப் பற்றி முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஊடகம் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. செல்சுவர் இல்லாததால் பென்சிலினுக்கும் அசையாது. ஆனால் செல்லின் நடத்தையை மாற்றி மாதக்கணக்கான முடிவுகளைக் குப்பையாக்கிவிடும். முறையான பரிசோதனை ஒன்றே வழி. ஆய்வுப் பணிகளுக்கு இங்கே முனைவர் பட்டம் எதிர்பார்ப்பார்கள். இளங்கலையோடு நிற்க நினைப்பவர்கள் செல் உற்பத்திக் கூடங்களில் தரக் கட்டுப்பாட்டு வேலைகளைப் பார்க்கலாம்.

நரம்பும் மறுவாழ்வும்

செவிக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட், பார்க்கின்சன் நோய்க்கு மூளை ஆழத்தில் சுமார் 130 ஹெர்ட்ஸில் தூண்டும் கருவி ஆகியவை நரம்புப் பொறியியலின் நிலைபெற்ற வெற்றிகள். மின்சுற்று, பொருள் அறிவியல், உடலியங்கியல் மூன்றும் சந்திக்கும் இடம். தூண்டும் துடிப்பில் செலுத்திய மின்னூட்டம் முழுவதையும் எதிர்த்துடிப்பில் திரும்ப எடுக்க வேண்டும். சிறிது மிஞ்சினாலும் எலக்ட்ரோடு அரிக்கும், திசு சேதமாகும். மூளைக்குள் வைத்த மின்முனையைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து சிக்னல் மங்குவது இன்னும் முழுதாகத் தீராத பிரச்சினை.

மறுவாழ்வுப் பொறியியலில் மோட்டாரும் சென்சாரும் கண்ணைக் கவரும். செயற்கைக் காலைப் பயன்படுத்துவாரா மூலையில் போடுவாரா என்பதைத் தீர்மானிப்பதோ சாக்கெட் என்னும் கிண்ணம். முழங்காலுக்குக் கீழே துண்டித்த காலில் முட்டித் தசைநார் பாரம் தாங்கும். ஃபிபுலா எலும்பின் தலைப்பகுதி தாங்காது, அங்கே இடம் விட்டு வார்க்க வேண்டும். துண்டின் பருமன் காலையிலிருந்து மாலைக்குள்ளேயே மாறும். தசைச் சிக்னலால் இயங்கும் கையில் வியர்வை பட்டால் காலையில் சொன்ன பேச்சை அது மதியம் கேட்காது. ஆய்வகத்தில் அரைமணி நேரம் சோதித்துவிட்டு வெற்றி என்று எழுதும் திட்டங்கள் இங்கே எடுபடாது. ஒரு முழு நாள் அணியவைத்துப் பாருங்கள்.

சிக்னல், மென்பொருள், செயற்கை நுண்ணறிவு

நிரல் தெரிந்தவர்கள் கூட்டமாக வரும் கிளை. அதனால் கவனமாகச் செய்பவர் தனித்துத் தெரிவார்.

சீரற்ற இதயத்துடிப்பின் ஈசிஜி பதிவுகளைக் கொண்ட எம்ஐடி-பிஐஹெச் அரித்மியா தரவுத்தளம் எல்லோருக்கும் இலவசம்: 47 பேரிடமிருந்து அரைமணி நேரப் பதிவுகள் 48, விநாடிக்கு 360 மாதிரிகள். பயிற்சிக்கு இதுவே நல்ல தொடக்கம். 99 சதவீதத் துல்லியம் என்று பலரும் அறிவிப்பதும் இதில்தான். காரணம் எளிது. எல்லாத் துடிப்புகளையும் கலந்து, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மறுபகுதியைச் சோதனைக்கும் வைத்திருப்பார்கள். ஒரே ஆளின் துடிப்பு இரு பக்கமும் இருக்கும். நிரல் நோயைக் கற்கவில்லை, ஆளை அடையாளம் கண்டுகொண்டது. ஆள்வாரியாகப் பிரித்தால் எண் சட்டென்று இறங்கும். அந்த இறங்கிய எண்ணைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். நோய் 100 பேரில் ஒருவருக்கு. உங்கள் நிரல் நோயுள்ளவரை 90 சதவீதமும், இல்லாதவரை 90 சதவீதமும் சரியாகச் சொல்கிறது. 1000 பேரில் நோயுள்ள 10 பேரில் 9 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். எச்சரிக்கை வந்த 108 பேரில் உண்மையான நோயாளி 9 பேர். இந்த எச்சரிக்கையை வார்டில் யாரும் ஒரு வாரத்துக்கு மேல் மதிக்க மாட்டார்கள்.

கருவிக்குள் ஓடும் மென்பொருளில் பிழையின் விலை வேறு. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிரைச் செலுத்தியது, சிலர் இறந்தார்கள். இயக்குபவர் வேகமாகத் திருத்தம் செய்தால் இரண்டு நிரல்பகுதிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டன. ஒரு பைட் எண்ணி 256-ஆம் முறை பூஜ்யத்துக்குத் திரும்பியபோது பாதுகாப்புச் சோதனை தாண்டப்பட்டது. முந்தைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் பூட்டுகளை இதில் எடுத்துவிட்டிருந்தார்கள். ஐஇசி 62304 தரநிலை மென்பொருளை ஏ, பி, சி என்று அபாய அடிப்படையில் பிரித்து ஆவணம் கேட்பதன் நியாயம் இதைப் படித்தால் விளங்கும்.

ஒழுங்குமுறையும் தரமும்

பட்டியல்களில் கடைசியில் வருவது, ஆள் தேவை எப்போதும் இருப்பது. அமெரிக்காவில் கருவிகள் மூன்று வகுப்பு. நடுவகுப்புக் கருவிகளில் பலவற்றை 510(கே) வழியில், ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்கு இணையானது என்று காட்டி அனுப்பலாம். அதிக அபாயமுள்ளவற்றுக்கு முழுமையான முன் அனுமதி வேண்டும். ஐரோப்பாவில் 2017/745 விதிமுறை 2021 மே 26 முதல் நடைமுறையில் உள்ளது. தர அமைப்புக்கு ஐஎஸ்ஓ 13485, அபாய மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 14971.

14971-இன் சாரத்தை ஒரு உதாரணத்தில் பயிலலாம். இன்ஃப்யூஷன் பம்பில் 1.0 என்பதற்குப் பதில் 10 என்று பதிந்துவிடும் அபாயத்தை எடுங்கள். முதலில் வடிவமைப்பிலேயே தடுக்கப் பாருங்கள்: மருந்துவாரியான உச்சவரம்பு வைத்து, அதற்கு மேல் ஏற்காமல் செய்யலாம். முடியாதபோது பாதுகாப்பு ஏற்பாடு: எச்சரித்து மறு உறுதி கேட்கலாம். கையேட்டில் 'கவனமாகப் பதியவும்' என்று எழுதுவது கடைசி. புதியவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், ஏனென்றால் வாக்கியம் எழுதுவது மலிவு. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு சோதனை, ஒவ்வொரு அபாயத்துக்கும் ஒரு கட்டுப்பாடு என்று இணைத்துக் காட்டும் அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தணிக்கையாளர் விரல் அங்கேதான் போய் நிற்கும். எழுத்தில் துல்லியம் உள்ளவர்களுக்கு இது நல்ல தொழில். ஆனால் ஒரு கருவியாவது உருவாகும் விதத்தை அருகிலிருந்து பார்த்த பிறகு வந்தால் நிலைக்கும்.

தேர்ந்தெடுக்கும் முன்

நீங்கள் குறிவைத்த கிளையில் 20 வேலை விளம்பரங்களைச் சேகரித்து, அவை கேட்கும் திறமைகளை எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் விளம்பரங்களில் வரும் திறமை உங்களிடம் இல்லையென்றால், அடுத்த பருவத்தின் விருப்பப் பாடம் எது என்று தெரிந்துவிடும். கிளையின் பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். 'வெரிஃபிகேஷன்', 'ஃபீல்டு சர்வீஸ்', 'அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட்' என்ற பெயர்களிலும் இதே வேலைகள் ஒளிந்திருக்கும்.

பிறகு இரண்டு கிளைகளில், ஒவ்வொன்றிலும் ஒரு சிறு வேலையை முடித்துப் பாருங்கள். ஈசிஜி ஆம்ப்ளிஃபையர், ஆள்வாரியாகப் பிரித்த அரித்மியா நிரல், ஒரு பழைய கருவிக்கான அபாய அட்டவணை, எதுவானாலும் சரி. அறிக்கை இரண்டு பக்கம் போதும். என்ன அளந்தீர்கள், எதைக் கொண்டு, எவ்வளவு பிழையோடு, எது வேலை செய்யவில்லை, ஏன் என்று எழுதுங்கள். நேர்காணல் எடுப்பவர் முதலில் கேட்பது அந்த 'ஏன்' பகுதியைப் பற்றித்தான் இருக்கும். எனவே அந்தப் பத்தியை மற்ற எதையும்விட நீளமாக எழுதி வையுங்கள், அளந்த மூலத் தரவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.